நாற்காலிக்கு இடப்பக்கம்

கண்ணாடிக்காரர் கடையை விற்றுப் படகு வாங்கிவிட்டார் என்ற செய்தி தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. நம்பியதும் எல்லோரும் அவர் மனைவியைப் பார்க்கப் போனார்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போனவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்த அம்மாள் சமையல் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடகை வீட்டுல இருந்து என்னத்தக் கண்டோம்? இனிமே தண்ணியிலதான் குடித்தனம்," என்றாள். "படகுல ஓட்டை விழுந்தாத்தான் தண்ணி உள்ள வரும். இங்க ஓட்டை இல்லாமலே வருது."

வீட்டுக்காரர் காதில் விழட்டும் என்று சற்று உரக்கவே சொன்னாள். மாடியில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரர் முப்பத்தோரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, திருகாணி கழற்றினால் அதைக் கீழே வைக்க மாட்டார், உதட்டில் கவ்விக்கொள்வார். அப்போது யார் என்ன கேட்டாலும் பதில் வராது. மற்றொன்று, வலது இடது விஷயத்தில் அவருக்கு ஒரு வெறி. தொழில் பழகிய காலத்தில் ஒரு வாத்தியாருக்கு வலது கண் வில்லையை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைப்படி இறங்கினார். மூன்று படி இருந்த இடத்தில் நான்காவதாக ஒன்றையும் கண்டு அதில் காலை வைத்தார். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் யார் வந்து எதிரில் உட்கார்ந்தாலும், "வலதுன்னா உங்க வலது, என் வலது இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

படகு இருபத்திரண்டு அடி. மோட்டார் கிடையாது, பாய் மட்டும்தான். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, அந்த அம்மாள் தினமும் தலையை இடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. வாங்கும்போது அதில் இருந்த ஒயர்களெல்லாம் உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போயிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் தாமே புதிதாக இழுத்தார். வெள்ளீயப் பூச்சுள்ள கம்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே சூடு காட்டினால் சுருங்கிக்கொள்கிற உறை, போகப்போக மின்சாரம் சோர்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் தடிமனான ஒயர். கண்ணாடித் திருகாணி பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு இரண்டு மாதம் செய்தார்.

விளக்குகளும் மாட்டினார். படகின் முன்பக்கத்தில் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்னால் வெள்ளை. இடம் என்றால் படகுக்கு இடம். அதாவது சுக்கான் பிடித்து முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பவருடைய இடது கைப்பக்கம். தூரத்தில் வருகிறவன் சிவப்பைக் கண்டால் படகின் இடப்பக்கம் தெரிகிறது, அது இன்ன திசையில் போகிறது என்று புரிந்துகொண்டு ஒதுங்குவான். இந்த ஏற்பாட்டைப் படித்தபோது கண்ணாடிக்காரருக்கு மனம் நிறைந்துபோயிற்று. கடலிலும் தம்மைப் போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் அப்போது இன்னும் விளக்காபீசுக்குப் போயிருக்கவில்லை.

விளக்காபீஸ் என்பது ஊர் வைத்த பெயர். பலகையில் இருந்த பெயர் இரண்டு வரி. துறைமுகத்தில் நிற்கிற எந்தப் படகானாலும் இங்கே ஒளிச் சான்று வாங்கியாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாங்காத படகு படகே இல்லை. 'ஒளிச் சான்று பெறாத மிதக்கும் பொருள்' என்று ஒரு காகிதத்தை அதன் நெற்றியில் ஒட்டுவார்கள். மாதக் கடைசியில் அடுத்த கொட்டகைக்கு இழுத்துப்போய் ரம்பம் போட்டுத் துண்டாக்குவார்கள். அந்த ரம்பத்தின் சத்தம் விளக்காபீஸ் வராந்தாவில் நன்றாகக் கேட்கும். விண்ணப்பதாரர்கள் உட்காரும் பெஞ்சை அந்தப் பக்கமாகப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். வராந்தாவில் குழல் விளக்கு ஒன்று இருந்தது. எரியவில்லை. அதற்கு இன்னும் சான்று வரவில்லையாம்.

முதல் தடவை போனபோது ஒளி ஆய்வாளர் படிவத்தைப் பார்த்தார். நல்ல உயரம், நிதானமான பேச்சு. எதையும் இரண்டு முறை படித்துவிட்டு மூன்றாவது முறைதான் தவறாகப் புரிந்துகொள்வார்.

"மோட்டார் ஓடும்போது எரிய வேண்டிய விளக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டிருக்கீங்க."

"மோட்டாரே இல்லீங்க சார். பாய்மரம்."

"அது தெரியுது. விளக்கு எங்க?"

"மோட்டார் இல்லாத படகுக்கு அந்த விளக்கு எதுக்குங்க?"

"மோட்டார் ஓடலைன்னு மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விளக்கு எரியலைன்னா ஓடலைன்னு தெரிஞ்சுக்குவாங்க."

"விளக்கே இல்லைன்னா, அது எரியாம இருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?"

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். அதில் ஏதோ பெரிய விஷயம் இருப்பது போலவும் இருந்தது, ஒன்றுமே இல்லாதது போலவும் இருந்தது. பேசாமல் போய்ப் பாய்மரத்தில் அரைவாசி உயரத்தில் ஒரு வெள்ளை விளக்கை மாட்டினார். ஒயர் இழுத்தார், சுவிட்சும் வைத்தார். இரண்டு வாரம் கழித்து ஆய்வாளர் வந்து அண்ணாந்து பார்த்து, "எரியலை. சரி," என்று கட்டத்தில் குறித்தார். பிறகு அது எந்நாளும் எரியாமல் இருப்பதற்காக அந்தச் சுவிட்சுக்கு அரக்கு முத்திரை வைத்தார்.

இரண்டாவது பரிசோதனை இருட்டுக் கொட்டகையில் நடந்தது. இந்தக் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விளக்கு இருட்டில்தான் தெரியும். அலுவலக நேரமோ பத்து முதல் நான்கு. இந்தச் சிக்கலைப் பல வருடம் ஆலோசித்து, நேரத்தை மாற்றுவது முடியாத காரியம் என்று கண்டு, ஒரு பெரிய கொட்டகை கட்டிச் சுற்றிலும் கறுப்புத் துணி போட்டார்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றித் தண்டவாளத்தின் மேல் உள்ளே கொண்டுவருவார்கள். எதிரே ஒரு மேடை. மேடையில் தரையோடு முடுக்கிய மர நாற்காலி. அதில் ஆய்வாளர்.

இரண்டு மைல் தூரத்திலிருந்து விளக்கு தெரிய வேண்டும் என்பது விதி. கொட்டகையின் நீளம் நாற்பது அடி. அதனால் ஆய்வாளர் தூரக்கண்ணாடியைத் திருப்பி, பெரிய பக்கத்தைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் படகு எங்கேயோ போய்விடும். ஒரு மைல் தெரிய வேண்டிய விளக்கை ஒரு கண்ணால் பார்ப்பார். இரண்டு மைல் விளக்குக்கு இரண்டு கண்.

முப்பத்தோரு வருடம் வில்லைகளோடு வாழ்ந்த கண்ணாடிக்காரர் இதைப் பார்த்துவிட்டு வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எரியுது," என்றார் ஆய்வாளர். "ஃப்யூஸ் இருக்கா?"

"இருக்குங்க. ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனியா."

"கோளாறு வந்தா அது போயிடுமா?"

"உடனே போயிடும் சார்."

"போகுதான்னு பாருப்பா," என்றார் பியூனிடம்.

பியூன் அனுபவஸ்தர். ஒரு துண்டுக் கம்பியைக் கொண்டுபோய் இரண்டு முனையிலும் வைத்தார். படக்கென்று சத்தம். விளக்குகள் அணைந்தன. கொட்டகை முழுக்க இருட்டு. ஃப்யூஸ் தன் கடமையைச் செய்துவிட்ட பெருமையில் கண்ணாடிக்காரர் புன்னகைத்தார். அது யாருக்கும் தெரியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து ஆய்வாளரின் குரல் வந்தது. "எழுதிக்கப்பா. பரிசோதனையின்போது விளக்குகள் எரியவில்லை."

மூன்றாவது தடவைக்கு இன்னொரு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை பைநிறைய ஃப்யூஸ் வாங்கிக்கொண்டு போனார். பியூன் கம்பியை வைத்தார், போயிற்று, புதிது போட்டார், எரிந்தது. ஆய்வாளர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுத் தூரக்கண்ணாடியை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். இறக்கினார். தம் இடது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"விளக்கை மாத்தி மாட்டியிருக்கீங்க."

"இல்லீங்களே சார்."

"இடப்பக்கம் சிவப்புன்னு விதி. என் இடப்பக்கம் பச்சை எரியுது."

கண்ணாடிக்காரருக்கு மூச்சு லேசாக வந்தது. இது தமக்குத் தெரிந்த விஷயம். எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். "சார், நீங்க படகுக்கு எதிர்ல உக்காந்திருக்கீங்க. அதான். இடதுன்னா படகோட இடது. பின்பக்கம் வந்து நின்னு பாத்தீங்கன்னா சரியா இருக்கும்."

ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"பின்பக்கமா?" என்றார் ஆய்வாளர். கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இத்தனை வருஷமா எத்தனையோ படகு இந்த நாற்காலி முன்னாடி வந்து நின்னிருக்கு. ஒண்ணு கூட எனக்கு முதுகைக் காட்டினதில்லை. நான் எந்திரிச்சுப் போய் அதோட முதுகுக்குப் பின்னால நிக்கணும்ங்கறீங்க. நான் அதிகாரியா, இல்ல அந்தப் படகுல வேலைக்கு வந்தவனா?"

"இல்ல சார், நாற்காலிய வேணா அந்தப் பக்கம்..."

"அது கிழக்கு பார்த்துப் போட்ட நாற்காலி. பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. நகர்த்தணும்னா தனி ஆணை வேணும்."

"பின்னால இருக்கற வெள்ளை விளக்க எப்படிங்க பாத்தீங்க?"

"அதைப் பியூன் பின்னால போய்ப் பாத்துச் சொல்வாரு."

"அப்ப அவரையே கேளுங்க சார். அவரு நிக்கற இடத்துலருந்து சிவப்பு எந்தப் பக்கம்னு."

படகின் பின்னால் இருட்டில் நின்றிருந்த பியூன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது.

"அவர் கடைநிலை ஊழியர்," என்றார் ஆய்வாளர். "அவரோட இடது வேற. என் இடது வேற."

பியூன் மறுபடி ஒரு தடவை கனைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்தால் வாசலில் ஒரு முக்காலியில் திருப்புளி உட்கார்ந்திருந்தார். கையை விட்டு இறங்காத திருகாணி முடுக்கியால் வந்த பட்டப்பெயர் அது. அசல் பெயர் அவர் மனைவிக்கு மட்டும் ஞாபகம் இருப்பதாகக் கேள்வி. விளக்காபீஸ் வாசலில் அவருக்கு ஒரே வேலை. காலையில் வரும் படகுகளில் சிவப்பையும் பச்சையையும் கழற்றி இடம் மாற்றி மாட்டுவார். சான்று வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மறுபடி கழற்றிப் பழையபடி மாட்டுவார். துறைமுகத்தில் மிதக்கிற அத்தனை படகும் அவர் கை பட்டவைதான். ஊருக்கே தெரியும். விளக்காபீசுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ளத் தனி ஆணை வரவில்லை.

"முதல்லயே நம்மகிட்ட வந்திருக்கலாம்ல சார்," என்றார் திருப்புளி. "நாலு திருகாணி. வெத்தலை போட்டுத் துப்பற நேரம்."

"அப்ப அந்த உறுதிமொழி?"

சான்று வாங்குமுன் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 'விளக்குகளை இப்போதுள்ள நிலையிலிருந்து ஒருபோதும் மாற்ற மாட்டேன்' என்று.

"அதுவா? போட்டுட்டு மாத்திக்குவாங்க."

"மாத்த மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டா?"

"சார், உள்ள இருக்கறவரைக்கும் மாத்த மாட்டீங்கல்ல? அதுதான் அதுக்கு அர்த்தம்."

கண்ணாடிக்காரருக்குப் படியில் விழுந்த வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். "வேணாம்ப்பா," என்று சொல்லிவிட்டு நடந்தார். திருப்புளி அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

அன்றைக்கே படகின் நெற்றியில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள். துறைமுகத்தின் உள்பக்கத்திலிருந்து அவிழ்த்து, உடைபடப் போகும் படகுகளுக்கான வெளிமிதவையில் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார்கள். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது யாரோ செருப்பு விற்கிறார். இருக்கிற ஒரே கூரை அந்த இருபத்திரண்டு அடிதான்.

"ஏங்க, ஊருல எல்லாரும் செய்யறதுதானே?" என்றாள் அந்த அம்மாள். அடுப்புக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். அங்கே நிமிர்ந்து நிற்க வசதி இல்லை.

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாகிட்ட, 'உங்க பொண்ண ஒரு வேலை செய்ய விட மாட்டேன்'னு சொன்னீங்களே, அது என்ன மெய்யா?"

"அது கையெழுத்துப் போட்டுச் சொல்லலையே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உங்க நேர்மைய வச்சுக்கிட்டு நீங்க எங்க வேணா போய்ப் படுத்துக்கலாம். எனக்கு அடுப்பு வைக்க ஒரு இடம் வேணும். நாளன்னிக்குக் காலையில கடைசிப் பரிசோதனை. அந்தத் திருகாணிய நீங்க கழட்டறீங்களா, நான் கழட்டட்டுமா?"

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். மரப்பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்துப் படகில் அடுக்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியை மறுபடி இறக்கி வைத்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். அடியில் செய்தித்தாள் கூட விரித்திருந்தாள்.

மறுநாள் விளக்காபீசின் பொன்விழா. ஐம்பது வருடமாக வெளிச்சத்தைப் பாதுகாத்து வந்ததைக் கொண்டாட ஒரு புது மோட்டார்ப் படகு வாங்கியிருந்தார்கள். 'முன்மாதிரிப் படகு' என்று பெயர். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக அதில் விளக்குகளை விதிப்படி, அதாவது நாற்காலியிலிருந்து பார்த்தால் சிவப்பு இடப்பக்கம் தெரிகிற மாதிரி, அசையாமல் பற்றவைத்தே மாட்டியிருந்தார்கள். ஆபீஸ் படகு என்பதால் அது திருப்புளியிடம் போகவில்லை. அந்தத் துறைமுகத்திலேயே விளக்காபீசின் பேச்சை உண்மையில் நம்பிய ஒரே படகு அதுதான்.

சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரம், முன்மாதிரிப் படகு ஊர்வலம் புறப்பட்டது. தனி ஆணை வாங்கி, நாற்காலியைத் தரையிலிருந்து கழற்றிக்கொண்டுவந்து படகின் நடுவில் போட்டிருந்தார்கள். அதில் ஆய்வாளர், கையில் ஒலிபெருக்கி. கூட எழுத்தரும் பியூனும். சுக்கானைப் பியூனிடம் கொடுத்திருந்தார்கள்.

வெளிமிதவையில் கட்டிக் கிடந்த படகின் முன்பக்கத்தில் கண்ணாடிக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கழற்றுமுன் ஒருமுறை எரிகிறதா பார்ப்போம் என்று விளக்குகளைப் போட்டிருந்தார். சிவப்பு விளக்கின் முதல் திருகாணி கழன்று வந்தது. உதட்டில் கவ்விக்கொண்டார். ஆய்வாளரின் பேச்சு தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது.

"ஐம்பது வருஷத்துல நம்ம அலுவலகம் சான்று கொடுத்த ஒரு படகு கூட மோதினதா நம்ம கோப்புல இல்லை. காரணம் என்ன? மோதின படகோட சான்றை உடனே ரத்து பண்ணிடறோம். அப்புறம் அது நம்ம படகு இல்லை. கடல்ல போறவன் ஆயிரம் பக்கம் பாக்கலாம். அது அவன் கஷ்டம். நாங்க ஒரே பக்கம் பாக்கறோம். அதுனாலதான் எங்களுக்குக் குழப்பமே வர்றதில்லை."

அந்த நேரம் பார்த்து, துறைமுக வாயில் தூர் வாரும் சேற்றுத் தோணி ஒன்று சுமையோடு வந்துகொண்டிருந்தது. தோணிக்காரர் எதிரே ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தார். சிவப்பென்றால் அந்தப் படகின் இடப்பக்கம். அப்படியானால் அது வலமிருந்து இடமாகப் போகிறது. பின்னால் புகுந்து போய்விடலாம் என்று தோணியை வலப்பக்கம் திருப்பினார். முன்மாதிரிப் படகோ இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது.

மோதல் ஒன்றும் பிரமாதமானதில்லை. தோணி மெதுவாகத்தான் வந்தது. மெதுவாகவே முன்மாதிரிப் படகின் மேல் ஏறியது. பிறகு அதிலிருந்த சேற்றில் பாதி, அவசரமில்லாமல், பொன்விழாவுக்குள் இறங்கியது. ஒலிபெருக்கியில் கடைசியாகக் கேட்ட சொல் 'குழப்பமே' என்பதுதான்.

"என்னங்க, பாயை ஏத்துங்க," என்றாள் அந்த அம்மாள். அதற்குள் மிதவையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வந்து, உதட்டில் திருகாணி இருந்ததால் முனகிவிட்டுப் பாயை இழுத்தார். காற்று தோதாக இருந்தது. சுமை பாக்கியிருந்த தோணி திரும்ப முடியாமல் நின்றது. இருபத்திரண்டு அடிப் படகு நேராக அந்த இடத்துக்குப் போனது.

முதலில் பியூனைத் தூக்கினார்கள். பிறகு எழுத்தரை. அவர் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, உள்ளே ஆபீஸ் முத்திரையும் சான்றுப் புத்தகமும் நனையாமல் இருந்தன. ஆய்வாளர் மிதக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து மார்பு வரை சேறு.

"கையக் குடுங்க சார்," என்றாள் அந்த அம்மாள்.

"முதல்ல நாற்காலி," என்றார். "பதிவேட்டுல இருக்கு."

நாற்காலியை ஏற்றினார்கள். அந்தச் சிறிய படகில் அதைப் போட ஒரே இடம்தான் இருந்தது. பின்கோடியில், சுக்கானுக்குப் பக்கத்தில், முன்னே பார்த்தபடி. ஆய்வாளர் அதில் உட்கார்ந்து, கண்ணிலிருந்த சேற்றை விரலால் வழித்துச் சுண்டிவிட்டு நிமிர்ந்தார்.

பக்கவாட்டு விளக்குகள் பின்னாலிருந்து நேராகத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் அவற்றின் சாயல் முன்பாயின் ஓரத்திலும் கைப்பிடிக் கம்பியிலும் விழுந்திருந்தது. இருட்டிக்கொண்டு வருகிற நேரம், நன்றாகவே தெரிந்தது. ஆய்வாளர் பார்த்தார். தம் இடது கையைப் பார்த்துக்கொண்டார். மறுபடி பார்த்தார். இடப்பக்கம் சிவப்பு. வலப்பக்கம் பச்சை.

"அப்பாடா," என்றார். "ஒரு வழியா மாத்தினீங்களா?"

கண்ணாடிக்காரர் திரும்பினார். முகத்தில் வியப்பு, மறுப்பு, மூன்று மாதத்து விளக்கம் எல்லாம் வந்து முட்டிக்கொண்டு நின்றன. உதட்டில் திருகாணி. ஒரு கையில் பாய்க்கயிறு, மறுகையில் எழுத்தரின் சட்டைக் காலர்.

"ம்ம்," என்றார்.

"ஆமா சார்," என்றாள் அந்த அம்மாள், சுக்கானிலிருந்து கையெடுக்காமல். "நீங்க அவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னப்புறம் அப்படியே வச்சிருப்பாரா? பாருங்க, இப்பவும் கையில திருப்புளியோடதான் இருந்தாரு."

"பாத்தீங்களா?" ஆய்வாளர் பியூனைப் பார்த்துச் சொன்னார். "பொறுமையாச் சொன்னா எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க. படிச்ச மனுஷன், கண்ணாடிக் கடை வச்சிருந்தவரு. அவருக்கே இடது வலது தெரியலைன்னா நாம எவ்வளவு பொறுப்பா இருக்கணும்."

"ஆமாங்க ஐயா," என்றார் பியூன். இந்தத் தடவை அவர் கனைக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக இருவருக்கும் இடது ஒரே பக்கம் இருந்தது.

கரை சேருமுன் சான்று எழுதியாகிவிட்டது. குறிப்புக் கட்டத்தில், 'பலமுறை அறிவுறுத்திய பின் விண்ணப்பதாரர் விளக்குகளைச் சரியான இடத்துக்கு மாற்றினார்' என்று இருந்தது. எழுத்தர் உறுதிமொழியை நீட்டினார். கண்ணாடிக்காரர் திருகாணியை உதட்டிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடி இல்லாமலே நிதானமாகப் படித்தார். 'விளக்குகளை இப்போதுள்ள நிலையிலிருந்து ஒருபோதும் மாற்ற மாட்டேன்.' அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தப் புத்தகத்தில் அதுவரை விழுந்த கையெழுத்துகளில் அது ஒன்றுதான் நிஜமானது என்று திருப்புளி பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்.

விசாரணையும் நடந்தது, அதே கொட்டகையில், அதே நாற்காலியில். அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி கிழக்குப் பார்த்து முடுக்கிவிட்டிருந்தார்கள். முன்மாதிரிப் படகின் விளக்குகளில் குறையில்லை என்றும், சேற்றுத் தோணிக்காரர் தவறான திசையிலிருந்து பார்த்துவிட்டார் என்றும் தீர்ப்பாயிற்று. அவர் கண்ணைச் சோதித்துக்கொண்டு வர வேண்டும் என்று ஆணை.

தோணிக்காரர் ஆணைக் காகிதத்தோடு நேரே கண்ணாடிக்காரர் படகுக்கு வந்தார். நல்ல மனிதர், குரல் மட்டும் எப்போதும் அக்கரைக்குக் கேட்கிற குரல். கண்ணாடிக்காரர் அவரை எதிரில் உட்காரவைத்து, "வலதுன்னா உங்க வலது," என்று ஆரம்பித்து, இரண்டு கண்ணையும் பார்த்தார்.

"ஒரு கோளாறும் இல்ல. கழுகுக் கண்ணு."

"அதைத்தான் அவங்ககிட்டச் சொல்ல முடியாதே," என்றார் தோணிக்காரர். "கண்ணு சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அப்புறம் வேற யாரு மேல தப்புன்னு கேப்பாங்க. சும்மா ஒரு பவர் இல்லாத கண்ணாடி குடுங்க, மாட்டிட்டுத் திரியறேன்."

கண்ணாடிக்காரர் யோசித்தார். பவர் இல்லாத கண்ணாடியில் வலதும் இடதும் ஒன்றுதான், மனசாட்சிக்கு வேலை இல்லை. பெட்டியைத் திறந்து தேட ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தாள். மரப்பெட்டி காலியாகி, கவிழ்த்துப் போட்டு, உட்காரும் பலகையாகியிருந்தது. சான்றைச் சட்டம் போட்டு, தலை இடிக்கிற குறுக்குக் கட்டையில் மாட்டியிருந்தாள். டீயைக் கொடுத்துவிட்டு அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த கடைசி வரியை எட்டிப் படித்தாள். ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும், கொட்டகையில்.

அவள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். பிறகு தோணிக்காரர் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரரிடம் தோசைக்கல் இரவல் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, அடுத்த வருஷம் இதே தேதிக்கு நீங்க இந்தப் பக்கம் சேத்தோட வருவீங்கல்ல?"